காட்டின் உச்சியில் ஒரு நடைபாதை

மழைக்காட்டின் மர உச்சிகளுக்கு இடையே பாலம் அமைத்து, அங்கு வருவோருக்குக் காட்டின் இயல்பைக் கற்பிக்கும் முயற்சி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து பேசும் ஒருவருக்கும் மழைக்காட்டுக்கும் என்ன உறவு என்று மாணவர்கள் கேட்கலாம். கேட்பது முறையே. எங்கள் ஊரைச் சுற்றிலும் கரிசல் நிலம். கோடையில் அது வாய் பிளந்து கிடக்கும். மழை பெய்தால் நடப்பவன் காலைப் பற்றி இழுக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் அங்கே விளையும். ஓங்கி நிற்பவை பனையும் வேம்பும். தாழ்ந்து படர்பவை உடையும் வேலிக்கருவையும். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வானத்தை மறைப்பது ஒன்றுமில்லை. இத்தகைய நிலத்தில் பிறந்த பிள்ளைக்கு, நண்பகலிலும் வெயில் தரையில் விழாத காடு ஒன்று உண்டு என்று சொன்னால் அது கதையாகவே தோன்றும்.

ஆனால் உறவு உண்டு. அது தண்ணீரின் உறவு. கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அங்கிருந்து தென்மேற்கே, பறவை பறக்கும் நேர்வழியில் நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், பொதிகை மலைத்தொடரின் மேல் உள்ள கக்காச்சியில் பெய்வது 3,000 மில்லிமீட்டருக்கும் மேல். அந்த மழையை ஒரே நாளில் ஓடவிடாமல் வாங்கி, இலையிலும் வேரிலும் சருகிலும் நிறுத்தி, சிறுகச் சிறுக ஓடைகளுக்கு ஈவது அங்குள்ள மழைக்காடு. அந்த ஓடைகள் சேர்ந்து தாமிரபரணியாகின்றன. சீவலப்பேரியில் அந்த ஆற்றிலிருந்து எடுத்த நீர் குழாய் வழியே கோவில்பட்டிக்கு வருகிறது. கரிசல் காட்டுப் பிள்ளை காலையில் குடிக்கும் தண்ணீர், அவன் கண்டிராத காடு ஒன்று சேர்த்துவைத்து அனுப்பிய தண்ணீராகும். தனக்கு உணவு அனுப்பும் உறவினரின் பெயரையாவது தெரிந்துகொள்வது மனிதப் பண்பு அன்றோ?

வரலாற்றில் மனிதன் காட்டுக்குள் அமைத்த பாதைகளை நான் மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பதுண்டு. முதலாவது போருக்காக வெட்டிய பாதை. இரண்டாவது பொருளுக்காக வெட்டிய பாதை. மூன்றாவது அறிவுக்காக, ஒரு மரத்தையும் வெட்டாமல் அமைத்த பாதை. முதல் பாதையை அறியப் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்தே தொடங்கலாம்.

1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களிலேயே மீண்டும் எழுப்பினார். மண்ணால் ஆன கோட்டை அது. அதைச் சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. கும்பெனிப் படையை அது பலமுறை திருப்பி அனுப்பியது. மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தபோது, ஊமைத்துரை வடக்கே சென்று சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அவர்களுக்கு அரணாக இருந்தது காளையார்கோவில் காடு.

அந்தக் காட்டை ஊடுருவ, கர்னல் அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து மரங்களை வெட்டிப் பாதை அமைக்கத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு மாதம் கோடரி ஓயவில்லை. வெட்டியவர்களை மறவர்கள் தாக்கிக்கொண்டே இருந்தார்கள். இறுதியில் கும்பெனியார் அந்தப் பாதையைக் கைவிட்டு, வேறு வழியாகப் புகுந்து 1801 அக்டோபர் 1-ஆம் நாள் காளையார்கோவிலைப் பிடித்தனர். அதே மாதம் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16-ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பர். காட்டை எதிரியின் கூட்டாளி என்று கருதிய காலம் அது. மரம் நின்றால் மனிதன் ஒளிவான். ஆகவே மரம் விழவேண்டும் என்பதே அன்றைய நீதி.

இரண்டாவது பாதை வாணிகத்தின் பாதை. போர் ஓய்ந்தபின் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் கோடரி ஏறியது. கப்பலுக்குத் தேக்கு வேண்டும். இருப்புப்பாதைக்குக் கட்டை வேண்டும். காப்பிக்கும் தேயிலைக்கும் சரிவு வேண்டும். காடு குறைவதைக் கண்டு அரசினரே கவலை கொண்டு, 1856-ஆம் ஆண்டு ஹியூ கிளெகார்ன் என்ற மருத்துவரைச் சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராக நியமித்தனர். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஆயினும் வெட்டுதல் நிற்கவில்லை.

1929-ஆம் ஆண்டை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டில் சிங்கம்பட்டி ஜமீன், பொதிகைத் தொடரில் தனக்கிருந்த காட்டில் ஏறத்தாழ 8,370 ஏக்கரைப் பம்பாய் பர்மா வாணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி என்றும் வழங்கும் கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இடங்களில் மழைக்காடு விழுந்து தேயிலை எழுந்தது. நம் நாட்டு ஏழை எளியவர்கள் மலையேறிச் சென்று, அட்டைக்கடிக்கும் குளிருக்கும் நடுவே அந்தத் தோட்டங்களை உருவாக்கினார்கள்.

அதே 1929-ஆம் ஆண்டில், கடல் கடந்த இரண்டு இடங்களில் வேறு வகையான வேலை தொடங்கியது. அவையே மூன்றாவது பாதையின் தொடக்கம். ஒன்று தென் அமெரிக்காவில் அன்று பிரிட்டிஷ் கயானா எனப்பட்ட நாட்டில் நடந்தது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, மேஜர் ஹிங்ஸ்டன் தலைமையில் அங்கே சென்றது. கயிற்றை எறியும் துப்பாக்கியால் உயர்ந்த கிளைகளின்மேல் கயிற்றைச் செலுத்தி, அதன் வழியே ஆளையும் பலகையையும் ஏற்றி, மர உச்சியில் பரண் அமைத்து அவர்கள் உயிரினங்களை ஆராய்ந்தார்கள். மற்றொன்று மலாயாவில், கோலாலம்பூருக்கு அருகிலுள்ள கெப்போங்கில் நடந்தது. ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் வெறுமையாகிவிட்ட நிலத்தில், மழைக்காட்டு மரங்களை நட்டு வளர்க்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. இவ்விரண்டுக்கும் பின்னர் வருவேன்.

காட்டை அறிய ஏன் உச்சிக்குச் செல்ல வேண்டும்? கோயில் மண்டபத்தில் மேலே துணி விதானம் கட்டுவார்கள். அதைப் போல மழைக்காட்டில் பெருமரங்களின் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, 30 மீட்டர் அல்லது அதற்கும் மேலான உயரத்தில் ஒரு பச்சை விதானமாக விரிந்துள்ளன. ஞாயிற்றின் ஒளியில் பெரும்பகுதியை அந்த விதானமே உண்டுவிடுகிறது. தரைக்கு வந்து சேர்வது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஒளி உள்ள இடத்தில் இலை. இலை உள்ள இடத்தில் பூவும் காயும். பூவும் காயும் உள்ள இடத்தில் பூச்சியும் பறவையும் அணிலும் குரங்கும். ஆகவே, காட்டின் வாழ்வு நடக்கும் இடம் மேல்மாடி. கீழே நிற்பவன் காண்பது இருட்டையும் அடிமரத்தையும் உதிர்ந்த சருகையுமே. திருவிழா மேல்தளத்தில் நடக்க, நாம் அடித்தளத்தில் நின்று விழுந்த பூவைப் பொறுக்கிக்கொண்டு திரும்பியவர்களாக இருந்தோம்.

நம் முன்னோர் மர உச்சியை அறியாதவர் அல்லர். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனம் காக்க இதணம் என்னும் பரணில் இருந்ததைச் சங்க நூல்கள் காட்டுகின்றன. தென்பொதிகைப் பகுதியின் காணிக்காரர்கள் யானைக்கு அஞ்சி மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டி உறங்கினார்கள். எங்கள் பக்கத்துப் பனையேறிகளோ தளைநாரும் முருக்குத்தடியும் துணையாக நாள்தோறும் பல மரம் ஏறி இறங்கினார்கள். பனையின் உச்சியில் எந்தப் பாளை எப்போது சீவத் தக்கது, எந்த மரத்தில் கள்ளிக்காட்டுக் குருவி கூடு வைத்தது, எந்தத் திசைக் காற்று மழையைக் கொண்டுவரும் என்பனவெல்லாம் அவர்கள் அறிந்தவை. எழுதப்படாத அறிவு என்பதால் அது அறிவன்று என்று ஆகிவிடாது. ஆனால் பனை ஒற்றைத்தூண். மழைக்காட்டு மரமோ கீழ்க்கிளையே இல்லாமல் பதினைந்து இருபது மீட்டர் நேராக எழுந்து, மேலே நூறு கிளையாகப் பிரிவது. ஒரு மரம் ஏறினால் ஒரு மரத்தைத்தான் அறியலாம். மரத்திலிருந்து மரத்துக்கு நடந்து செல்ல வழி வேண்டும்.

அந்த வழியை அமைக்கும் முயற்சி 1960-களின் இறுதியில் மலேசியாவின் சிலாங்கூர்க் காட்டில் நடந்தது. இல்லார் மூல் என்ற அமெரிக்க ஆய்வாளரும், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த லிம் பூ லியாட் என்ற மலேசிய அறிஞரும் அதில் ஈடுபட்டார்கள். அவர்களுடைய நோக்கம் உல்லாசம் அன்று. மர உச்சியில் வாழும் பறக்கும் அணில் முதலிய விலங்குகளையும், அவற்றின் உடலில் வாழும் ஒட்டுண்ணிகளையும் ஆராய்வதே நோக்கம். அதற்காக அலுமினிய ஏணிகளைப் படுக்கவைத்து, ஒன்றோடொன்று கோத்து, மேலே பலகை பரப்பி, கயிற்றில் தொங்கவிட்டு மரத்துக்கு மரம் நடந்தார்கள். இந்த முறையை விளக்கி 1970-இல் 'சயன்ஸ்' என்னும் இதழில் கட்டுரை எழுதினார்கள். ஏறுவதற்கென்று செய்த ஏணியைப் படுக்கவைத்தால் பாலமாகும் என்ற எளிய எண்ணம், உலகின் பல காடுகளில் பின்னர் எழுந்த நடைபாதைகளுக்கு வழிகாட்டியது.

அதன்பின் மர உச்சி ஆராய்ச்சி விரைந்தது. பனாமா நாட்டில் டெர்ரி எர்வின் என்பவர் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியில் பூச்சிகொல்லிப் புகையைச் செலுத்தி, உதிர்ந்தவற்றைத் திரட்டி எண்ணியபோது 1,100-க்கும் மேற்பட்ட வண்டினங்கள் கிடைத்தன. அதைக்கொண்டு உலகில் 3 கோடிப் பூச்சியினங்கள் இருக்கக்கூடும் என்று 1982-இல் அவர் கணக்கிட்டார். பிற்கால அறிஞர்கள் அந்தத் தொகையைப் பெரிதும் குறைத்துவிட்டார்கள். ஆயினும், நாம் அறிந்ததைவிட அறியாதது மிகுதி என்ற உண்மையை அந்தக் கணக்கு உலகுக்கு உணர்த்தியது. 1986-இல் பிரான்சு நாட்டு அறிஞர் பிரான்சிஸ் ஹாலே, வான்கலத்தின் உதவியால் மர உச்சியின்மேல் ஒரு தெப்பத்தையே இறக்கி வைத்தார்.

நம் பொதிகையும் இதில் பின்தங்கவில்லை. கக்காச்சிக் காட்டில் 1990-களில் நம் நாட்டு ஆய்வாளர்கள் கயிற்றில் ஏறி மரங்களின் பூக்காலத்தைக் கண்டு எழுதினார்கள். வெடிப்பலா என்றும் குரங்குப்பலா என்றும் வழங்கும் மரம் அங்கே மிகுதி. அதன் பூக்களுக்கு இதழ் இல்லை. சதைப்பற்றான புல்லிவட்டம் உண்டு. பழம் அருகிய காலத்தில் வௌவாலும் மலையணிலும் சிங்கவால் குரங்கும் அந்தப் பூக்களைத் தின்று பசி தீர்க்கின்றன. தின்பதன் இடையே மகரந்தமும் மரம் மாறுகிறது. சௌபத்ரா தேவி, பிரியா தாவிதார் ஆகிய இருவரும் 80-க்கும் மேற்பட்ட மர இனங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கைக்கு ஏதேனும் ஒரே வகை உயிரை நம்பியிருக்கின்றன என்று காட்டியது. இதன் பொருள் என்ன? ஒரு தேனீயோ வண்டோ மறைந்தால், ஒரு மரம் பூத்தும் காய்க்காமல் நிற்கும். கீழே நின்று பார்த்தவர்க்கு இந்த நுட்பம் புலப்பட்டிராது.

அறிஞர் சென்ற வழியில் பொதுமக்களும் செல்லவேண்டும் என்ற எண்ணம் 1980-களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் லாமிங்டன் தேசியப் பூங்காவின் அருகே ஒன்பது தொங்கு பாலங்களைக் கொண்ட 180 மீட்டர் நீள நடைபாதை எழுந்தது. 1992-இல் கெப்போங்கிலும், 1995-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக் காக்கும் தேசியப் பூங்காவிலும் நடைபாதைகள் அமைந்தன. காக்கும் பாதை 350 மீட்டர் நீளம் உடையது. ஏழு பாலங்களால் ஆனது. சில இடங்களில் தரைக்கு மேல் 40 மீட்டர் உயரத்தில் செல்வது.

தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில் 2004 நவம்பரில் ஒரு மரவுச்சிப் பாதை திறக்கப்பட்டது. மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டின் இரு குன்றுகளை இணைக்கும் அந்தப் பாலத்தின் நீளம் 250 மீட்டர். தரையிலிருந்து அதன் உச்ச உயரம் 25 மீட்டர். ஒருவர் பின் ஒருவராக ஒரே திசையில் நடக்கத்தக்க அகலமே அதற்கு உண்டு. அத்தனை நெருக்கமான நகரில் அந்தக் காடு எப்படிப் பிழைத்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடிநீருக்காக ஏரி கட்டினார்கள். ஏரியைக் காக்க, அதைச் சூழ்ந்த காட்டையும் காத்தார்கள். தண்ணீரின் மதிப்பை அறிந்தமையால் காடு நின்றது. காடு நின்றமையால் பிற்காலத்துப் பிள்ளைகளுக்கு அது பாடசாலையும் ஆயிற்று.

இத்தகைய பாலத்தைக் கட்டும் முறையில் மாணவர்கள் அறியவேண்டிய இயற்பியல் இருக்கிறது. வீட்டுக் கொடிக்கயிற்றில் ஈரத்துணி போட்டிருப்பீர்கள். கயிற்றை எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறீர்களோ, அவ்வளவு பெரிய இழுவிசை அது கட்டிய கம்பங்களில் விழும். சற்றுத் தொய்ய விட்டால் இழுவிசை குறையும். ஆகவேதான் தொங்கு பாலங்கள் நடுவில் சற்றுத் தாழ்ந்து தொங்குகின்றன. அடுத்து, மரம் உயிருள்ள தூண் என்பதை மறக்கக் கூடாது. இளவேம்பில் ஆடு கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் விட்டுவிட்டால், சில ஆண்டுகளில் கயிறு பட்டைக்குள் புதைந்து மரமே வாடுவதை நம் ஊர்களில் காணலாம். பட்டையின் உட்புறத்தில்தான் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழி உள்ளது. அதை நெரித்தால் மரம் பட்டினி கிடக்கும். ஆணி அடித்தால் அந்தப் புண் வழியே நோய் புகும். ஆதலால் நல்ல அமைப்பாளர்கள் எஃகுக் கம்பிக்கும் பட்டைக்கும் இடையே மரக்கட்டைகளை வைத்துச் சுமையைப் பரப்புவார்கள். மரம் பருக்கப் பருக்கக் கம்பியைத் தளர்த்துவார்கள். காற்றடித்த பின் ஒவ்வொரு மரத்தையும் சோதிப்பார்கள். ஒரு பாலத்தில் ஒரு நேரத்தில் நிற்கத்தக்கவர் இத்தனை பேர் என்று வரையறுப்பார்கள். மரத்துக்குச் சுமையே வேண்டாம் என்று கருதுவோர் தனி எஃகுக் கோபுரங்களை நிறுத்துவார்கள். கெப்போங்கில் மரங்களில் தொங்கிய பழைய பாதை பிற்காலத்தில் மூடப்பட்டு, கோபுரங்கள் தாங்கும் புதிய பாதை எழுந்தது.

நமக்கு அருகிலும் ஒன்று உண்டு. செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் கேரளத்தின் தென்மலை வரும். அங்கே 1990-களின் பிற்பகுதியில் திட்டமிட்டு உருவாக்கிய சூழல் சுற்றுலா மையத்தில், மரக்கிளைகளின் ஊடே செல்லும் உயர்ந்த நடைபாதை அமைந்துள்ளது. பணியில் இருந்த காலத்தில் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைச் சங்கரன்கோவில், தென்காசி வழியாக அங்கே அழைத்துச் சென்றேன். புறப்படுமுன் மூன்று கட்டளைகள் வகுத்திருந்தேன். பாதையில் மூன்று இடங்களில் ஐந்து ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கவேண்டும். கண்ணில் பட்ட ஓர் இலையைப் பறிக்காமல் படம் வரையவேண்டும். பெயர் தெரியாத எதற்கும் தானே ஒரு பெயர் சூட்டிக் குறித்துவர வேண்டும். உழவர் வீட்டுப் பையன் ஒருவன் நெடுநேரம் நின்றுவிட்டு, "சார், நம்ம ஊர்ப் பனங்காட்டில் ஒரு மரத்தைப் பார்த்தால் எல்லா மரத்தையும் பார்த்த மாதிரி. இங்கே பக்கத்துப் பக்கத்து மரம்கூட வேறு வேறாக இருக்கிறதே, அப்படியென்றால் ஒன்று போனால் அது போனதுதானே?" என்றான். மழைக்காட்டின் பெருமையையும் அதன் ஆபத்தையும் ஒருங்கே உணர்த்தும் வினா அது. எந்தப் பாடநூலும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அந்த உயரத்தில் ஐந்து நிமிட அமைதி சொல்லித் தந்தது.

அதே நாளில் மற்றொன்றையும் கண்டேன். வேறு கூட்டங்கள் கூச்சலிட்டுக்கொண்டே விரைந்து நடந்தன, படம் பிடித்துக்கொண்டன, இறங்கிப் போயின. அவர்களுக்கு அந்தப் பாதை ஊஞ்சலைப் போன்ற ஒரு விளையாட்டுப் பொருளே. பாதை தானாகக் கற்பிக்காது. கற்பிப்போர் உடன் இருந்தால்தான் அது பள்ளி; இல்லையேல் அது வெறும் பலகை. பாலம் கட்டத் திட்டமிடுவோர் எஃகுக்கும் பலகைக்கும் ஒதுக்கும் கருத்தில் பாதியையேனும், உடன் நடந்து விளக்கும் மனிதரைப் பயிற்றுவதற்கு ஒதுக்குதல் வேண்டும்.

இப்போது கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. பொதிகையிலும் இவ்வாறு ஒரு பாதை வேண்டுமா? 1962-இல் முண்டந்துறையிலும் 1976-இல் களக்காட்டிலும் அமைந்த சரணாலயங்கள் 1988-இல் ஒரே புலிகள் காப்பகமாக இணைக்கப்பட்டன. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளோடு அது உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. அதன் உட்காட்டில் பாலம் கட்டுவது கூடாது என்பதே என் துணிபு. பாலத்துக்குச் சாலை வேண்டும். சாலைக்கு வண்டி வரும். வண்டிக்குக் கடை வரும். காட்டின் மேல்மாடியைக் காட்டுவதற்காக அதன் அடிவீட்டைக் கெடுப்பது அறிவாகாது. காளையார்கோவிலில் கோடரி செய்ததை இங்கே நம் ஆர்வம் செய்துவிடலாகாது.

ஆனால் ஏற்கெனவே திறந்துகிடக்கும் இடங்கள் உண்டு. 1929-இல் தொடங்கிய அந்தக் குத்தகை 2028-இல் முடியவேண்டியது. 2024-ஆம் ஆண்டிலேயே கழகம் தோட்டத்தை விட்டு வெளியேற முற்பட்டு, தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்கவேண்டிய நிலை வந்தது. நான்கைந்து தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். தேயிலைச் சரிவு மீண்டும் காடாக வேண்டும் என்பது ஒரு நியாயம். அந்த மக்கள் வாழவேண்டும் என்பதும் ஒரு நியாயம். இரண்டு நியாயங்களும் ஒன்றையொன்று அழிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மழை எந்த முகட்டில் முதலில் இறங்கும், எந்தப் பருவத்தில் எந்த மரத்துக்கு இருவாய்ச்சிப் பறவை வரும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? நாற்றங்கால் வைக்கவும், நட்ட காட்டைப் பேணவும், வருகின்ற மாணவர்களுக்கு வழிகாட்டவும் அவர்களுள் விருப்பமுள்ளவர்களுக்கு இடம் அளித்தல் வேண்டும். அதற்குத் துணையாகச் சரிவின் ஓரத்தில், ஒரு சிறிய பாதை, நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்போடு அமையுமானால் அதை நான் எதிர்க்கமாட்டேன்.

வெட்டிய இடத்தில் மழைக்காடு மீளுமா என்று ஐயுறுவோர்க்குக் கெப்போங்கே விடை. ஒரு காலத்தில் ஈயக்குழியாகவும் காய்கறித் தோட்டமாகவும் இருந்த நிலம் அது. ஆய்வாளர்கள் விதை கொணர்ந்து நட்டார்கள், பிறகு பொறுத்திருந்தார்கள். மலாயாவில் மழைக்காட்டை அழித்து இரப்பர் நட்ட கைகளுள் தமிழ்க் கைகள் மிகுதி என்பதை நாம் அறிவோம். அதே நாட்டில், அதே காலத்தில், வெறுநிலத்தில் காட்டை நட்டவர்களும் இருந்தார்கள் என்பதையும் அறிதல் நன்று. இன்று அங்கே பெருமரங்கள் விதானம் விரித்து நிற்கின்றன. 2025-ஆம் ஆண்டு அந்தக் காட்டுப்பூங்கா உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. மனிதன் நட்ட மழைக்காட்டுக்கு அத்தகைய சிறப்புக் கிடைத்தது எளிய செய்தியன்று. ஆனால் அதற்கு ஆன காலத்தையும் கணக்கிடுங்கள்: ஏறத்தாழ நூறு ஆண்டுகள்.

பாஞ்சாலங்குறிச்சியில் மண்ணோடு மண்ணாக்கப்பட்ட கோட்டையின் நினைவாக, தமிழ்நாடு அரசு 1974-இல் புதிய கோட்டை ஒன்றைக் கட்டியது. அதன் சுவர்களில் கட்டபொம்மன் வரலாறு ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துச் செல்கிறார்கள். வருவோர்க்குக் கற்பிப்பதற்காகக் கட்டிய கட்டடம் என்ற வகையில் அதுவும் மரவுச்சிப் பாதையும் உறவினரே. வேறுபாடு ஒன்றுதான். கோட்டை, இழந்துவிட்டதைப் பற்றிச் சொல்கிறது. பாதை, இன்னும் இழக்காததைப் பற்றிச் சொல்கிறது. இழந்த கோட்டையை 173 ஆண்டு கழித்தும் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்ப முடிந்தது. இழந்த காட்டை அவ்வாறு எழுப்பப் பணம் போதாது. ஒரு மனிதனின் ஆயுளும் போதாது.

ஆகவே மாணவர்களே, வாய்ப்புள்ளவர்கள் தென்மலைக்குச் சென்று அந்தப் பாதையில் மெல்ல நடந்து வாருங்கள். வாய்ப்பில்லாதவர்கள் வருந்த வேண்டா. குருமலைக் காட்டின் புள்ளிமானும் வல்லநாட்டின் வெளிமானும் நம் வறண்ட நிலத்தின் பாடங்கள். அவற்றைக் காண உயர்ந்த பாலம் வேண்டியதில்லை. ஓசையின்றி நிற்கும் பொறுமை போதும். பொதிகையிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயை நாளை காலையில் திறக்கும்போது, வீணாக ஓடாமல் உடனே மூடுங்கள். காட்டின் உச்சிக்குச் செல்லும் பாதையில் கரிசல் மாணவன் எடுத்துவைக்கத்தக்க முதல் அடி அதுவே.